தம்பியைக் கூட்டிவரப் போன பதினாறு கிலோமீற்றர்

காதலும் குடும்பமும் கலந்த ஹிந்திப் படம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஹிந்தியில் ஒரு சொல்லும் விளங்காத வயதிலிருந்தே பார்க்கிறேன். கோபித்துக்கொண்டு போன மகன் வாசலில் கால் வைக்க முன்னமே தாய்க்குத் தெரிந்துவிடும். கல்யாணம் முடிந்து பெண் புறப்பட்டால் ஊரே அழும், நானும் அழுவேன். "எல்லாம் பொய்" என்பார் என் கணவர். பொய்யாகவே இருக்கட்டும்! மூன்று மணித்தியாலத்தில் உடைந்த குடும்பம் ஒட்டிவிடுகிறதே, அது போதாதா?

என் குடும்பம்தான் ஒட்டாமல் கிடந்தது. என் ஒரே தம்பி ரவி, காதலித்தவளைக் கட்டி, எங்கள் மட்டக்களப்பு வழக்கப்படி கொக்கட்டிச்சோலையில் அவள் வீட்டோடு போய் ஆறு வருடம். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆனாலும் நாவற்குடாவில் எங்கள் வீட்டுப் பக்கம் அவன் தலைகாட்டவே இல்லை. போனில் "ஓம் அக்கா, வாறன்" என்பான், வரமாட்டான். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று புறப்பட்டேன்.

காலை 8.10க்கு ஓட்டோ வந்தது. போய்வர, காத்திருக்கிறதும் சேர்த்து 4,500 ரூபாய். சாரதி காத்தான்குடிக்காரர், கட்டாரில் ஏழு வருடம் இருந்து ஹிந்தியை நன்றாகப் பிடித்தவர். பிறகென்ன, ஆரையம்பதி வரும்வரை படக்கதைதான். மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று வாங்க ஐந்து நிமிடம் நிறுத்தினோம். பெண் புறப்படுகிற காட்சி வந்தால் என்னால் தாங்கவே முடியாது என்றேன்.

"அது அவங்கட ஊர்ல அக்கா. அங்க பொண்ணு போறா. நம்மட பக்கம் மாப்பிள்ளதானே பொண்ணுட ஊட்டுக்குப் போறது? அழுறதெண்டா மாப்பிள்ளட ஊட்டாக்கள்தான் அழோணும். நான் போகக்குள்ள எங்கட ராத்தா தெருமுனை மட்டும் அழுதுகிட்டே வந்தா."

அவருடைய அக்கா அழுதிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? கல்யாணம் முடிந்து ரவி பையோடு என் அறை வாசலில் நின்று "அக்கா, போயிற்று வாறன்" என்ற நேரம், டிவியில் ஒருத்தி தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். நானும் அவளோடு அழுதுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினேன். அடி பாவி!

9.05க்குப் போய்ச் சேர்ந்தோம். ரவி வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு அப்போதுதான் வந்தான். வயல் நல்ல விளைச்சலாம். நான் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நேரே கேட்டேன்: "அண்டைக்கு நான் திரும்பிப் பார்க்கல்ல எண்டுதானேடா கோவம்?"

காலில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்தான். "எவளோ ஒருத்திக்கு அந்த அழுகை அழுதீங்க. எனக்கு ஒரு சொட்டும் வரல்லயே அக்கா" என்றான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, குரல் உடைந்துவிட்டது.

"பிழை என்னிலதான்டா. எழும்பு, வீட்ட போவம். மறுகா ஒருக்கா ஒழுங்கா அனுப்பி வைக்கிறன்."

அவன் மனைவி சுகந்திதான் முதலில் சிரித்தாள். "வெளிக்கிடுங்க, நானும் வாறன். மச்சாள் அழுறதப் பார்க்கோணும்!"

மோட்டார் சைக்கிளில் இருவரும் ஓட்டோவுக்குப் பின்னால் வந்தார்கள். வந்துவிடுவானா என்று வழி முழுக்க எட்டி எட்டிப் பார்த்தேன். வந்தான்! நான் முதலில் குதித்திறங்கி ஓடி, ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். ஓம், படத்தில் பார்த்துப் படித்ததுதான், அதற்கென்ன? மத்தியானம் நண்டுக்கறி. பின்னேரம் 4.30க்கு அவன் பையைத் தூக்கியபோது தெருவரை போய், பக்கத்து வீட்டார் படலைக்கு வந்து பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுது தீர்த்தேன். அவனும் அழுதான்.

"காணும் அக்கா, படம் முடிஞ்சிது. அடுத்த ஞாயிறும் நான் வரோணும்" என்றான். வென்றுவிட்டேன்!

இந்த வழியால் போகிறவர்கள் ஓட்டோக் கூலியை ஏறமுன்னமே பேசிக்கொள்ளுங்கள். பாலத்தில் நிழல் இல்லை, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்கும் போவதென்றால் வெயில் ஏறமுன் போங்கள். எனக்கு அன்றைக்கு அது வாய்க்கவில்லை.

ரவி இதுவரை மூன்று ஞாயிறு வந்துவிட்டான். கணவர் இன்னமும் "எல்லாம் பொய்" என்றுதான் சொல்கிறார். ஆனால் எவ்வளவு நல்ல கட்டம் ஓடினாலும், தம்பி பையை எடுத்தால் எனக்கு முன்னம் எழும்பி டிவியை நிற்பாட்டுவது அவர்தான்.