முதுகில் ஆறாவது வரி

அனுப்பர்பாளையத்தில், நண்பரின் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் நிற்கிறேன். அமெரிக்காவில் ஸ்பானிஷ் மொழியில் ஒளிபரப்பும் ஓர் உள்ளூர் டிவி சேனல், ஆண்டுவிழாவுக்காக டி-ஷர்ட் கேட்டிருக்கிறது. முதுகில் அதன் வரலாறு ஐந்து வரிகளில் அச்சாகிவிட்டது: தொடங்கிய ஆண்டு, கைமாறிய ஆண்டுகள், கடைசியில் இன்றைய பெயர். இப்போதுதான் மெயில் வந்திருக்கிறது. சேனலை மறுபடி விற்றுவிட்டார்களாம், பெயரும் மாறிவிட்டதாம். சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலில் ஹாரன் அடிக்கிறது.

"எல்லாம் வேஸ்ட்டாப் போச்சுங்க மாஸ்டர்." நண்பர் மெயிலைக் காட்டுகிறார்.

பிரிண்டிங் மாஸ்டர் ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பி நிதானமாகப் பார்க்கிறார். எனக்கே எரிச்சல் வருகிறது.

"பழைய பேரும் நடந்ததுதானுங்களே, ஏனுங்க அழிக்கோணும்? புதுப் பேரை ஆறாவது வரியா அடிச்சுரலாமுங்க."

நண்பர் மெயில் அனுப்பிவிட்டுத் திரையையே வெறிக்கிறார். சம்மதம் வருகிறது. ஆறாவது வரி அடித்த முதல் டி-ஷர்ட்டை மாஸ்டர் என்னிடம் நீட்டுகிறார்.

"அதுக்குக் கீழயும் கொஞ்சம் எடம் உட்டிருக்கறனுங்க."