ஞானம் அண்ணையின் கையெழுத்துக் கோப்பு

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் மில்லிக்கன் பகுதியில் ஒரு மண்டபத்தில் ஞானம் அண்ணையின் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. சாப்பிட்டு எழும்பியவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு கல்வெட்டுத் தந்தார்கள். இறந்தவருக்காக அச்சடிக்கும் சின்னப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் அது. முன்னுக்குத் தேவாரம், நடுவில் வம்சாவளி, பிறகு பிரமுகர்களின் அனுதாபச் செய்திகள். காரில் ஏறியதும், எதையும் வாசிக்க முதல், விரித்து முகர்ந்து பார்த்தேன். வழுவழுத் தாளில் புது மை. சொன்னால் சிரிப்பீர்கள், என் முதல் வேலையின் மணம் அதுதான்.

ஞானம் அண்ணை ஒருகாலத்தில் எங்கள் தொகுதியின் மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர். அதற்கு முன் கார் பழக்கினார். வோபர்னிலும் மல்வேர்னிலும் அவரிடம் கார் பழகாத தமிழ் வீடு குறைவு. கட்சியைப் பார்த்தா சனம் வாக்குப் போட்டது? லைசென்ஸ் எடுத்துத் தந்த மனிதருக்குப் போட்டது. உறுப்பினரான பிறகும், அவருடைய உதவியாளராக நான் கார் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். குயின்ஸ் பார்க்கில், மாகாணப் பாராளுமன்றத்தில், அவர் என்ன பேசினார் என்று தொகுதியில் யாருக்கும் தெரியாது. எந்தச் செத்தவீட்டுக்கு வரவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அலுவலகம் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது. அரங்கேற்றத்துக்கும் எண்பதாவது பிறந்தநாளுக்கும் வாழ்த்துப் பத்திரம் அடித்துத் தங்க முத்திரை ஒட்டுவது என் வேலை. கல்வெட்டுகளுக்கு அனுதாபச் செய்தி எழுதுவதும் நான்தான். சேர்ந்த முதல் கிழமையே ஒரு வசனம் கட்டினேன்: 'உதவி நாடி வந்த எவரையும் அன்னார் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியதில்லை.' அண்ணைக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ பேருக்கு அனுப்பினோம். கையை விரிப்பதற்கே பேர்போன ஒரு கடை முதலாளிக்கும் அதே வசனம் போனது. எனக்கு அதில் பெருமை வேறு.

செல்லத்துரை அங்கிள் வியாழக்கிழமைகளில் வருவார், மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் பிடித்து. மனைவிக்கு மறதி நோய், நடக்கவும் முடியாது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடத்துக்குக் காத்திருந்தார்கள். உறுப்பினரின் கடிதம் ஒன்று போனால் பட்டியல் கொஞ்சம் அசையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சம்மதப் படிவத்தைக் கொடுத்து, நோயாளியான அன்ரியின் கையெழுத்து வேண்டும் என்றேன். தன் பெயரையே மறந்த மனுசி எப்படிக் கையெழுத்து வைப்பார் என்று எனக்கு ஓடவில்லை. பிறகு வேறொரு படிவம், பிறகு சட்டத்தரணியின் கடிதம். மூன்று முறை திருப்பி அனுப்பினேன், எல்லாம் சட்டப்படிதான்.

நாலாம் முறை எல்லாவற்றையும் சரியாகக் கொண்டுவந்தார்.

"மனிசியைத் தூக்க எனக்கு இனி ஏலாது பிள்ளை. கெதியா அனுப்பிவிடுங்கோ."

அன்றே கடிதத்தை அடித்துக் கையெழுத்துக் கோப்பில் வைத்தேன். தைமாதம் அது. பொங்கல் விழா இல்லாத நாள் இல்லை, வாழ்த்துப் பத்திரங்களை மேலே மேலே அடுக்கினேன். ஞானம் அண்ணை ஓடுகிற காரில் இருந்தபடி மேலே இருப்பவற்றில் கையெழுத்து வைப்பார், மண்டபம் வந்ததும் கோப்பை மூடிவிடுவார். கடிதம் அடியிலேயே கிடந்தது. பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அங்கிள் வரவில்லை. கவனித்தேன் என்று சொன்னால் பொய்.

மூன்றாவது கிழமை அவருடைய மகன் அழைத்தார். குளியலறையிலிருந்து அம்மாவைத் தூக்கும்போது அப்பா விழுந்து, தலையில் அடிபட்டுப் போய்விட்டார். கல்வெட்டுக்கு ஒரு செய்தி வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் அடித்துவிட்டேன், பெயர்தானே மாற்ற வேண்டும். அதைக் கோப்பில் வைக்கப் போனபோது அடியில் கடிதத்தைக் கண்டேன். அந்தத் தாளைத் தொடப் பயமாக இருந்தது.

இரண்டையும் ஞானம் அண்ணையின் முன்னால் வைத்தேன். செய்தியில் உடனே கையெழுத்து வைத்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன திகதி போட்டுக் கிடக்கு?"

"அங்கிள் வந்த அண்டைக்கு அடிச்சது அண்ணை. மூண்டு கிழமை."

கடிதத்திலும் கையெழுத்து வைத்தார். "அப்பிடியே இருக்கட்டும் தங்கச்சி. மாத்தாதை."

நான் மாற்றவில்லை. அன்ரிக்கு இன்னும் இடம் வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பழைய திகதியோடு அனுப்பினேன், மகனுக்கும் ஒரு பிரதி. அங்கிளின் முப்பத்தோராம் நாளில் மகன் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நேரத்துக்கு எழுதிவிட்டீர்கள், இடம் தருபவர்கள்தான் பிந்திவிட்டார்கள் என்று அழுதார். அண்ணை தலையாட்டினார், பக்கத்தில் நின்ற நானும் ஆட்டினேன். திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க அவர் ஒருமுறையும் பிரேக் மிதிக்கவில்லை.

அன்ரிக்கு இடம் கிடைத்தது, இரண்டு மணி நேர ஓட்டத்தில், தமிழ்ச் சொல் ஒன்றும் கேட்காத ஒரு ஊரில். கோடை முடிய முதல் அவரும் போய்விட்டார். இம்முறை மகன் செய்தி கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் அண்ணை தோற்றார். தொகுதி மக்களின் கோப்புகளை அழித்துவிட்டுத்தான் அலுவலகத்தைக் கையளிக்கலாம். செல்லத்துரை அங்கிளின் கோப்பை நானே கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். வென்றவரின் உதவியாளர், என் வயதுப் பெண், கடிதம், அனுதாபச் செய்தி மாதிரிகள் இருந்தால் தரமுடியுமா என்று கேட்டாள். ஒரு யூஎஸ்பியில் போட்டுக் கொடுத்தேன், நல்ல மனதோடுதான்.

அண்ணை மறுபடி கொஞ்சக் காலம் கார் பழக்கினார். பிறகு வருத்தம் வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மனிசிக்கு இடம் கிடைச்சதே?"

"ஓம் அண்ணை. கிடைச்சது," என்றேன்.

போன ஞாயிறு மண்டபத்துக்கு வெளியே, காரில் இருந்தபடியே அண்ணையின் கல்வெட்டின் பக்கங்களைப் புரட்டினேன். இன்றைக்கும் தொகுதியை வைத்திருக்கும், அன்று அண்ணையை வென்ற உறுப்பினரின் படம், அதன் கீழே செய்தி. உதவி நாடி வந்த எவரையும் அன்னார் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு எழுத்தும் மாறவில்லை. மண்டபத்திலிருந்து வந்தவர்கள் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு தங்கள் கார்களைத் தேடினார்கள்.

அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது பபிள் ரீ என்று ஒரு குளிர்த் தேநீர் விற்கிறார்கள். கோப்பு அன்றைக்கே தூளாகிவிட்டது, அங்கிளும் அன்ரியும் இல்லை, ஞானம் அண்ணையும் போய்விட்டார். அந்தத் திகதியில் கடிதம் போகவில்லை என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.