அலகைப் பார்த்துச் சொன்ன உறவு

தனேஸ்வரியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் அவள் மூக்கைப் பார்ப்பார்கள், மற்றதெல்லாம் பிறகுதான். அதற்காக அவள் முகம் சுளித்ததே கிடையாது. "மூக்கு முன்னால போயி எடம் பிடிக்கும், நான் மெல்ல வருவேன்லா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அது அப்பா வழி மூக்கு. அண்ணன் செல்லையாவுக்கும் அதே மூக்குதான். ஆனால் அவர் சிரிக்கமாட்டார்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய தனேஸ்வரிக்கு மலேசியாவின் ரவாங்கில் பறவைத் தீனியைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பு சுங்கை சோவில், அண்ணன் வீட்டில். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், பிறகு யாரும் எடுக்காமலே போயிற்று. அதைச் சொல்லி மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை அவள். தினையும் கேனரி விதையும் சூரியகாந்தி விதையும் கலந்து வந்து விழும் இடத்தில் நிற்பாள். மற்ற பெண்கள் எடையைப் பார்ப்பார்கள். இவள் பையில் அச்சடித்திருக்கும் பறவையைப் பார்ப்பாள். இன்ன தீனி இன்ன வாய்க்குப் போகிறது என்று தெரியாமல் கட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது.

தரையில் சிந்தியதை மேற்பார்வையாளர் புனிதனிடம் கேட்டு அள்ளிக்கொண்டு வருவாள். அது செல்லையாவின் ஜாவா குருவிகளுக்கு. சாம்பல் உடம்பு, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், ரோஜா நிறத்தில் தடித்த அலகு. ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துவிட்டு வரும் மனிதர், சட்டையைக்கூட மாற்றாமல் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூண்டுக்கு வெளியே சிந்தும் விதைக்கு, பின்னாலிருக்கும் புல்வெளியிலிருந்து பழுப்பு நிறச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும். அவற்றைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நெல்லுத் திருடனுங்க. நம்மது பெரிய வூட்டுப் புள்ளைங்க, தனிச் சாதி" என்பார்.

இந்த வீட்டுக்குத்தான் ரவீந்திரன் பெண் கேட்டு வந்தார்.

ரவீந்திரன் பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊரில் இருப்பவர். அந்தப் பக்கத்து நெல்லை லோரியில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது அவர் வேலை. மனைவி இறந்து பல வருடமாயிற்று, பிள்ளை கிடையாது. அவருக்கும் மூக்கு அப்படித்தான். லோரி உள்ளே நுழைந்தால் பெண்கள் "தனேசு, ஒன் மூக்கு வந்துருச்சு!" என்று கூவுவார்கள். இருவரும் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் அவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். இப்போதோ எந்த முறையும் போட்டுக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "பாருங்க" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அவர் கடலோரத்திலிருந்து காய்ந்த இறால் வாங்கி வருவார். ஒருநாள் இறாலைக் கொடுத்துவிட்டு லோரியில் ஏறாமலே நின்றார்.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே வூட்டுல காப்பி குடிச்சா என்ன, தனேஸ்?"

"அத எங்கண்ணன்கிட்ட வந்து கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பைகளுக்குத் தப்பான ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

செல்லையா அவரை உட்காரவைத்து வயிறாரச் சோறு போட்டார். கை கழுவியதும் முடியாது என்று சொல்லிவிட்டார். "நீ எனக்குத் தம்பி முறைடா. பங்காளி வூட்டுல எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?"

பங்காளி ஆன கதை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இவள் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ரவீந்திரனின் தாத்தா முசிறிப் பக்கம். கப்பலில்கூட ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் வாய்த்திருந்த மூக்கைப் பார்த்த தோட்ட மேஸ்திரியான மண்டோர், அண்ணன் தம்பி என்று தானே முடிவு செய்து, ஒரே லயத்தில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பக்கத்துப் பக்கத்து வீட்டைக் கொடுத்துவிட்டார். அந்நிய மண்ணில் ஓர் அண்ணன் சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இருவரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சித்தப்பா, பெரியப்பா என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் தலைமுறை வந்தபோது அந்த லயத்துக்கே மூக்கு லயம் என்று பேராகிவிட்டது.

அந்த மாதம் தொழிற்சாலையில் புதுப் பைகள் வந்து இறங்கின. வெளிநாட்டுக்குப் போகும் சூரியகாந்தி விதைப் பையில் மூன்று பறவைகள், மூன்றுக்கும் கொட்டை உடைக்கிற மாதிரி பருத்த அலகு, மேலே ஒரே பேர்: கிரோஸ்பீக். ஜாவா குருவியின் தனிப் பை நின்றுபோய், அதன் படத்தைச் சில்லைப் பையில் போட்டிருந்தார்கள். தனேஸ்வரி புனிதனைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுங்க மூணும் ஒரே குடும்பமா?"

"அதான் இல்லக்கா. அலகு மட்டுந்தான் ஒரே மாதிரி. ஒண்ணு ஒரு குடும்பம், இன்னொண்ணு சுத்தமா வேற. மொதல்ல அலகப் பாத்து ஒரே பேரு வெச்சுட்டாங்க. அப்புறம் டிஎன்ஏ பாத்தா சம்பந்தமே இல்ல. கெட்டியான விதைய ஒடச்சுத் தின்னா அலகு அப்பிடித்தான் ஆவுமாம்."

"ஜாவா குருவி?"

"அது நேர் எதிர். அலகு பெருசா இருக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சிருந்தாங்க. பாத்தா அதுவும் சில்லைதான்."

அவள் விட்ட அம்பு மாதிரி வீட்டுக்கு வந்தாள். அண்ணி விஜயராணி கீரை ஆய்ந்துகொண்டிருக்க, செல்லையா கூண்டுக்கு முன்னால் இருந்தார். கைப்பேசியில் படங்களைக் காட்டி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். செல்லையாவுக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"என் குருவி அந்தத் திருட்டுக் கூட்டமா? எவன் சொன்னான்?"

"குருவிய விடுண்ணே. அலகப் பாத்து ஒறவு சொன்னவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. நம்ம மண்டோர் சொன்னது மட்டும் வேதமா? மூக்கு ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணாயிருமா?"

விஜயராணி கீரையை விட்டுவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தாள். செல்லையா கத்தவில்லை. கத்தியிருந்தால் தனேஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூக்குக்காகவா பாக்குறேன்?" என்றார். "நம்ம அப்பா செத்தப்ப ரவீந்திரனோட அப்பா மொட்ட போட்டுக்கிட்டு நம்ம வாசல்ல படுத்திருந்தாரு. கருமாதி வரைக்கும் அவங்க வூட்டுல மீன் வாங்கல. அவரு அண்ணன், நம்ம நாராயணசாமி பெரியப்பா, என்னையத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் கொண்டு போயி வுட்டாரு. ரத்தம் இல்லன்னு எனக்கும் தெரியும் புள்ள. இல்லாமலே செஞ்சாங்க பாரு, அத நான் என்னான்னு அழிக்கிறது?"

தனேஸ்வரி சண்டைக்கு என்று கொண்டுவந்ததெல்லாம் கையிலேயே நின்றது. அண்ணன் மேல் ஆத்திரமும் பாசமும் ஒரே நேரத்தில் பொங்கி, அடுப்படிக்குப் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார் ரவீந்திரன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கையால் தாரை வார்க்காத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்றாள். அவருக்கு வருத்தம்தான். ஆனால் இறால் வருவது நிற்கவில்லை.

வீட்டில் பேச்சு குறைந்தது. செல்லையா கூண்டுக்கு முன்னால் கூடுதல் நேரம் உட்கார்ந்தார். ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது, ஆண் ஜாவா குருவி பாடிக்கொண்டே கம்பில் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வேலிக் கம்பியில் ஒரு சில்லை, அலகில் புல்லோடு, அதே மாதிரி மேலும் கீழும் ஆடியது. செல்லையா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆட்டம் ஒண்ணாத்தான் இருக்கு" என்று முனகினார். பிறகு அவள் நிற்பதைக் கவனித்து, "அதுக்காக ஒண்ணும் இல்ல" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து சில்லைகளை விரட்டுவதை விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் நாராயணசாமி பெரியப்பா, ராசா என்ற ஊரில் மகள் வீட்டிலிருந்தபடியே போய்ச் சேர்ந்தார். பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, காலையில் தோசை தின்று, உட்கார்ந்த இடத்திலேயே போன உயிர். கல்யாணச் சாவு என்றார்கள். மகன் இல்லாததால் தம்பி மகன் ரவீந்திரன்தான் கொள்ளி வைக்க வேண்டும். பங்காளிகள் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். செல்லையாவுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

தனேஸ்வரி மனதுக்குள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். அத்தனை பேர் பார்க்க அண்ணன் பங்காளியாக உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எதைச் சொல்லி எதைக் கேட்பது? கேட்கவும் கூடாது என்று நினைத்தாள். பெரியப்பாவைத் தூக்கி வழியனுப்பும் உரிமையை அண்ணனிடமிருந்து பிடுங்கி ஒரு கல்யாணமா?

செல்லையா விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று ரவாங் பக்கம் போனார். பெண்கள் இருவரும் காரில் ராசாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பந்தலில் ரவீந்திரனுக்கு மொட்டை அடித்து முடித்திருந்தது. நாவிதர் கத்தியைத் துடைத்துவிட்டு, "அடுத்தது சுங்கை சோ பங்காளி, எங்க அவரு?" என்று கேட்டார். மொட்டைத் தலையோடு மூக்கு இன்னும் பெரிதாகத் தெரிய, ரவீந்திரன் பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தனேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் செல்லையா வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, இரண்டு கையிலும் ஏந்திய தாம்பாளம். தாம்பாளத்தில் மாலையும் மடிப்புக் கலையாத புது வேட்டியும். கோடித் துணி. சாவு வீட்டில் கோடி கொண்டுவருவது பெண் கொடுத்த, பெண் எடுத்த சம்பந்த வீட்டார்தான்; பங்காளி அதைத் தொடவே மாட்டான்.

தோட்டத்துப் பழைய ஆள் தேவதாஸ்தான் முதலில் கேட்டார். "என்னா செல்லையா, முறை தெரியாதா ஒனக்கு? பங்காளி கோடி தூக்கிட்டு வர்ற?"

"முறை தெரிஞ்சுதான் வர்றேன்" என்றார் செல்லையா. குரல் தெருவரைக்கும் கேட்டது. "தங்கச்சியக் குடுக்கப் போற வூடு இது. கோடி நான் போடாம வேற யாரு போடுறது?"

ரவீந்திரன் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார். விஜயராணி தனேஸ்வரியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

செல்லையா பெட்டியருகே போய் வேட்டியை விரித்துக் கிழவரின் மார்புவரை போர்த்தினார். மடிப்பை நீவிவிட்டார். கால் பக்கம் குனிந்து, "பெரி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த மூக்கு சிவந்து நடுங்குவதைத் தனேஸ்வரி பார்த்தாள். வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்ட பேரை அவர் விழுங்கினார்.

"போய்ட்டு வாங்க, மாமா" என்றார் செல்லையா.

தனேஸ்வரி வாய்விட்டு அழுதாள். பக்கத்திலிருந்த பெண்கள், வயசாளிக்காக இவ்வளவு அழுகிற பிள்ளையா என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.