மாமியின் தோள் உயரம்

அந்தக் காரில் இரண்டே இரண்டு சீட்தான். பின் சீட் எங்கே என்று நான் கேட்டபோது, மாமா சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் தேடப் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. கேள்வி கேட்டால் பதில் வந்தே தீரும் என்று நம்புகிற வயது.

மாமா, உம்மாவின் தம்பி. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வேலை. பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வீட்டிலேயே பூட்டிச் செய்கிற கார் ஒன்றை யாரோ ஒரு வெள்ளைக்காரர் வாங்கி, பாதியில் சலித்து ஊரைப் பார்க்கப் போய்விட்டார். கராஜின் பின்பக்க ஷெட்டில் தூசி படிந்து கிடந்த அதை, "நீயே எடுத்துக்கொள்" என்று கராஜ் முதலாளி அர்பாப் மாமாவிடம் சொல்லிவிட்டார். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது. ஷெட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவருக்குள் இருந்த மணல் திடலில் வேண்டுமானால் ஓட்டலாம். மாமாவுக்கு அதுவே துபாய் ரோடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பிரியாணி உண்ட மயக்கத்தோடு நாங்கள் அங்கே போவோம். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழும். எங்கோ ஒரு கம்ப்ரசர் முனகிக்கொண்டே இருக்கும். அரைத் தூக்கத்தில் அந்தக் காருக்குள் உட்கார்ந்தபடி நான் கடலுக்குப் போயிருக்கிறேன், ராஸ் அல் கைமா மலைகளுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை காரோடு சேர்ந்து ஊருக்கே போய், உப்புக் காற்றில் கண் விழித்தேன்.

டிரைவர் சீட்டை மாமா ஒரே நாளில் மாட்டிவிட்டார். பக்கத்துச் சீட்டோடுதான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி வந்ததைப் பிரித்து, ஸ்பாஞ்சை அரிந்து, மறுபடி தைத்தார். தரைத் தகடு மெல்லியது என்று அடியில் தடித்த இரும்புப் பட்டை கொடுத்து போல்ட் முடுக்கினார். நான் ஏறிக் குதித்துப் பார்த்து, "நல்லாயிருக்கு மாமா" என்று தீர்ப்புச் சொன்னேன். அது எனக்கான சீட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாணமானதிலிருந்து ஊரிலேயே இருந்த மாமிக்கு விசிட் விசா வந்துவிட்டது என்றார் மாமா. நான் போய் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மிச்சமிருந்தது தோள் பெல்ட் மட்டும். அதை மாட்டும் குழாயைச் சீட்டுக்குப் பின்னால், உட்காருகிறவரின் தோள் உயரத்துக்கு வெல்டிங் வைக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து, உயர்ந்தால் கழுத்தை அறுக்கும். மாமியின் நின்ற உயரம் கல்யாணப் போட்டோவில் இருந்தது. உட்கார்ந்த உயரம் எவ்வளவு என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. நிக்காஹ் அன்று அவர் பந்தலில், மாமி உள்ளறையில். லீவு முடிகிற வரை வீடு வீடாக விருந்து. ஆண்களுக்கு முன்கூடத்தில் சஹன் சாப்பாடு, பெண்களுக்கு உள்ளே. போகவர வேன் வைத்தால் மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில், பெண் கடைசி வரிசையில் மாமியார் கும்பலுக்கு நடுவில்.

"போன்லயே கேளேன்டா" என்றார் உம்மா.

"எப்படி ராத்தா கேக்குறது? உக்காந்து தோளை அளந்து சொல்லுன்னா? எனக்கு வெக்கமா இருக்கு."

"என் ஒசரந்தான் இருப்பா. என்னையே அளந்துக்க."

உம்மா பர்தாவை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆளை விட்டுவிட்டு அக்காவுக்கு அளவெடுக்கிற டெய்லரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று வாப்பா கேலி செய்தார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீப்பொறி பறக்க, குழாயைப் பற்றவைத்துவிட்டார்.

மாமி வந்த வாரமே ஷெட்டுக்குக் கூட்டிப்போனோம். கல்யாணத்தன்று மாமியை உயரமாகக் காட்டியது குதிகால் செருப்பும் தலைப்பூவும்தான் என்பது சீட்டில் உட்கார்ந்ததும் விளங்கிவிட்டது. பெல்ட் நேராகக் கழுத்தில் வந்து நின்றது. மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

மாமி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திரும்பிப் பார்த்தார். "இது யாரு அளவு?" என்றார்.

"ராத்தா அளவு" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமி சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. சீட் குத்துகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பிறகு மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப அளந்துக்கங்க" என்றார். மாமா டேப்பை எடுத்தார். ஒரு தோளை அளக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

சீட்டைக் கழற்றி, அடியில் இரும்புக் கட்டைகள் கொடுத்து உயர்த்தி முடிக்க அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பெல்ட் மாமியின் தோளில் ஒழுங்காகப் படிந்தது. கார் உறுமிக்கொண்டு மணலில் இறங்கி, சுவரோரமாக ஒரு சுற்று வந்தது. அடுத்தது என் முறை என்று கையைக் காட்டினேன். அவர்கள் என்னைக் கடந்து இன்னொரு சுற்றுப் போனார்கள். அப்புறம் இன்னொன்று. மாமி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு ஏதோ சொல்ல, மாமா தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். நான் கத்தப்போனேன். உம்மா என் வாயைப் பொத்தி, "அவங்க சுத்தட்டும் புள்ளே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தனை இரும்பு கிடந்தும் பின்னால் ஒரு சீட் போட மனம் வராத மாமாவை, எனக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் இருக்க நான் வேனின் கடைசி வரிசையில் உட்காருகிற வரைக்கும், கஞ்சன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.