பெரிய துண்டுகள் இருந்த கிண்ணம்

யொங்தாவ் மூன்றாவது முயற்சியில்தான் சுற்றுலா கைடு தேர்வில் தேறினான். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் அக்கா சூமெய் மட்டும், மூன்று முறை படித்ததால்தான் சியான் நகரத்துக் கல்லெல்லாம் அவனுக்குப் பெயரோடு தெரியும் என்பாள்.

அன்று முதல் தடவையாக ஒரு குழுவைத் தனியே அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். ஹார்பினில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு புகார் வந்தாலும் பழையபடி ஸ்டேஷன் வாசலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதுதான் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். காலையில் களிமண் படைவீரர் சிலைகளைக் காட்டிவிட்டு, மதியம் அக்கா வேலை பார்க்கும் கடைக்கே அவர்களைச் சாப்பிடக் கூட்டிவந்தான்.

அங்கே ஆட்டுக்கறிச் சாற்றில் ரொட்டி வேகும். ரொட்டியைச் சாப்பிடுகிறவர்தான் பிய்க்க வேண்டும், சோயா பயறு அளவுக்கு. பிய்த்த கிண்ணத்தில் நம்பர் வில்லையை மாட்டி சூமெய் உள்ளே கொண்டுபோவாள். அவரவர் பிய்த்தது அவரவருக்கே திரும்பி வரும். இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஒரு வில்லை மாறியதில்லை.

குழுவில் லுவான் என்ற பெரியவரின் கிண்ணத்தை அடுப்படியில் இருந்த டிங் மாஸ்டர் திருப்பி அனுப்பினார். "இலந்தைப்பழம் சைஸ்ல இருக்கு. சாறு உள்ள இறங்குமா? திரும்பப் பிய்க்கச் சொல்லு."

லுவான் முகம் சிவந்தது. "காசும் குடுத்து, வேலையும் நான் பார்க்கணுமா? யாருய்யா இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னது? ஊருக்குப் போனதும் உங்க ஆபீசுக்குப் பேசுறேன்."

"பேசுங்க பெரியப்பா, முதல்ல ஒரு வாய் டீ குடிங்க" என்று யொங்தாவ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பெரியவர் டீக் கோப்பையை எடுத்தபோதுதான் சூமெய் கவனித்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. பனியில் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டிய கை. அவர் அதைச் சொல்லமாட்டார். சொல்வதைவிடச் சண்டை போடுவது அவருக்குச் சுலபம்.

யொங்தாவும் பார்த்துவிட்டான். படைவீரர்களின் குதிரைகளைப் பற்றி ஏதோ கேட்டு அவரைப் பேசவைத்தான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, தான் பிய்த்து முடித்திருந்த கிண்ணத்தின் வில்லையை எடுத்து அவருடையதில் மாட்டினான். அவருடைய வில்லையைத் தன் கிண்ணத்தில் மாட்டினான். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

சூமெய் இரண்டையும் அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

மாஸ்டர் முதல் கிண்ணத்தைக் குலுக்கிப் பார்த்தார். "ஹார்பின்காரர் பரவாயில்லையே, சீக்கிரம் கத்துக்கிட்டார்." இரண்டாவதைப் பார்த்ததும் புருவம் ஏறியது. "இது யாரோடது?"

"என் தம்பியோடது."

"அட, நம்ம கைடா? பரீட்சையத்தான் மூணு தடவை எழுதினான்னா, ரொட்டியையும் மூணு தடவை பிய்க்கணும் போலிருக்கு." அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பியை யாராவது அரை வார்த்தை சொன்னாலும் சூமெய் ஒரு வாரம் அவர்களுக்கு முகம் கொடுக்கமாட்டாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வெளியே பெரியவர் காதில் விழும் தூரம்தான்.

"ஆமா மாஸ்டர், அவனுக்குக் கை கொஞ்சம் முரடு" என்றாள். "குடுங்க, பிய்ச்சுத் தருவான்."

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, யொங்தாவ் மட்டும் குனிந்து பிய்த்துக்கொண்டிருந்தான். லுவான் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். தன் கிண்ணத்தில் இருந்த பொடித் துண்டுகளைப் பார்த்தார். பக்கத்தில் யொங்தாவ் கையில் இருந்த பெரிய துண்டுகளையும் பார்த்தார்.

குழுவில் இன்னொருவர், "அடுத்து நகரத்து மதில் மேல ஏறப் போகணுமே, கைடு இன்னும் சாப்பிடலையா?" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"உட்காருய்யா" என்றார் லுவான். "அந்தப் பையன் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது." ஊறவைத்த பூண்டுத் தட்டை யொங்தாவ் பக்கம் நகர்த்தினார்.