டனல் வழியே தெரிந்த வீடு

என் மகள் தன் அம்மாவோடு ஃபோனில் பேச மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ரிசீவரைக் காதில் வைத்தால் தட்டிவிடுவாள். "அது அம்மா இல்ல" என்பாள். அப்படியானால் அம்மா எங்கே என்று கேட்டால் சமையல்கட்டில் நிற்கும் என் அக்காவைக் கை காட்டுவாள். கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்த என் அக்கா முதலில் சிரித்தாள். பிள்ளை அவளை "அம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"டேய், இது நல்லா இல்ல. அவ திரும்பி வந்தா என் மூஞ்சியில முழிப்பாளா? ஏதாவது பண்ணுடா" என்றாள்.

என் மனைவி நர்ஸ். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும்போது வளைகுடாவுக்குப் போனாள். வேலூரில் ஒரு ஏஜெண்ட், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை என்று சொல்லி அனுப்பினான். போவதற்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் அவளை முன்னால் நிறுத்தி, பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். ரிட்டயர்ட் வாத்தியாரான என் மாமனார் அன்று அழுதார். அதன் பிறகு ஒரு ஞாயிறு விடாமல், கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் மகளின் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டில் இணையத்தில் பேசுவதைத் தடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் டெலிபோனில்தான் பேச வேண்டும், அவர்கள் விற்கிற ஃபோன் கார்டைத்தான் வாங்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேசுவதில் பிழைக்கிற கூட்டம். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் கார்டு தீர்ந்து பீப் அடிக்கும். முகம் பார்க்க வழியே இல்லை. இரண்டு வருடம் முகம் பார்க்காத பிள்ளை ஒரு கரகரப்பான குரலை எப்படி அம்மா என்று நம்பும்?

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அடுத்த தலைமுறை இணைய முறை ஒன்று வருகிறது என்று படித்திருந்தேன். இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் வேண்டும். பழைய முறையில் நம்பர்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு மோடத்துக்கு ஒரு நம்பர்தான், அதற்குப் பின்னால் இருக்கிறவன் எல்லாம் அனாமத்து. அவனை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. புது முறையில் எல்லோருக்கும் சொந்த நம்பர் உண்டு. ஆனால் எங்கள் ஊர் லைனில் அது வராது. அதனால் புது முறைத் தகவலைப் பழைய முறை உறைக்குள் போட்டு ஒட்டி, இலவசமாக இதைச் செய்து தரும் ஒரு வெளிநாட்டு சர்வருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் உறையைப் பிரித்து மேலே அனுப்புவார்கள். இதற்குப் பெயர்தான் டனல். அங்கே தடுக்கிறவர்கள் உறையை மட்டும்தான் பார்த்தார்கள். உள்ளே பார்க்க அவர்களுக்கு அப்போது தெரியவில்லை.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இணைப்பு கீழே வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. தோல் மண்டி வைத்திருந்த பாய் அவர். மோடத்தை ஷோகேஸ் மேல் வைத்து, பூ வேலை செய்த துணி போர்த்தியிருப்பார். அதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக எங்கள் மாடிக்கு வரும்.

"பாய், மோடத்துல ஒரு செட்டிங் மாத்தணும்."

"இன்னாத்துக்கு?"

"என் வீட்டம்மாவ கம்ப்யூட்டர்ல பாக்கணும். இது என் பக்கம் கதவ மூடி வெச்சிருக்குது."

"தொறந்தா திருடன் வரமாட்டானா?"

"வந்தா என் கம்ப்யூட்டருக்குத்தான் வருவான்."

"உங்கிட்ட இன்னா இருக்குதுன்னு வருவான்? சரி, பண்ணு. ஆனா நெட் வரலன்னு என் மவன் கத்துனான்னு வெச்சிக்கோ, உன்ன மூட்ட முடிச்சோட எறக்கிடுவேன்."

நான் மோடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என் தம்பி அங்கதான் இருந்தான். பெரிய கார் பக்கத்துல நின்னுக்கினு ஃபோட்டோ அனுப்புவான். வந்தப்புறம்தான் சொன்னான், அந்தக் கார கழுவுறதுதான் அவன் வேலையாம்."

"என் வீட்டம்மா நர்ஸ் பாய்" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன்.

"நா இப்ப இன்னா சொல்லிட்டேன்?" என்றார்.

டனல் எழும்பும், அரை மணியில் விழும். என் செட்டிங்தான் தப்பு என்று நினைத்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். செட்டிங் சரியாகத்தான் இருந்தது. வெளிச் சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைத் திறந்து பார்த்தால் செம்பு முனையெல்லாம் கரி மாதிரி கறுத்திருந்தது. தோல் பதனிடும் டேனரிக் காற்று. இந்த ஊரில் வெள்ளிக் கொலுசு கறுக்கும், பித்தளைக் குத்துவிளக்கு கறுக்கும். நெஞ்சுக்குள் என்ன கறுக்கிறது என்று எவனும் திறந்து பார்ப்பதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், லைன் விழாமல் நின்றது. அப்புறம் கரண்ட். கரண்ட் போய் வந்தால் மோடத்தின் நம்பர் மாறிவிடும், டனல் செத்துவிடும். புது நம்பரை அந்த சர்வரில் போய் ஒவ்வொரு தடவையும் நானே போட வேண்டும்.

இதையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்னால், என் மனைவி வேண்டாம் என்றாள்.

"ஃபோன் போதுங்க. ஹாஸ்டல்ல கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா நெறைய பேரு இருப்பாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் பொண்ணு எங்கக்காவ அம்மான்னு கூப்பிடுது. தெரியுமா உனக்கு?"

எதிர்ப்பக்கம் பேப்பர் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன டைப் பண்ணணும், சொல்லுங்க" என்றாள்.

அவள் பக்கம் வேலை குறைவு. விண்டோஸில் ஏற்கெனவே ஒரு டனல் இருக்கும், அதைத் தட்டி எழுப்பினால் போதும். நான் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும், டாக்டர் சொல்லும் மருந்து அளவைத் திருப்பிச் சொல்வதுபோல, திருப்பிச் சொல்லி அடித்தாள். அவளுக்கு வந்த நம்பர் அனுமார் வால் மாதிரி நீளம். அதைப் படித்து முடிப்பதற்கு இரண்டு கார்டு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் முடியும் என்றாள். முஸ்லிம் முதலாளி என்பதால் எங்கள் கம்பெனிக்கும் வெள்ளிதான் லீவு.

அந்த வெள்ளிக்கிழமை படம் முதலில் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு முகம் சேர்ந்தது. இங்கிருந்து எடுத்துப்போன வெள்ளை யூனிஃபார்ம் போட்டிருந்தாள். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் மடிப்பு மடிப்பாக இருந்தது. பின்னால் ஒரு போர்வை தொங்கியது. மகள் என் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பாப்பா, அம்மாவப் பாருடா."

ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. "பொய்" என்றாள்.

என் மனைவி இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்து, விரலால் குத்தி டப்பென்று காற்றை விட்டாள். சோறு ஊட்டும்போது செய்வது. பிள்ளை மெதுவாக வந்து என் மடியில் ஏறினாள். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நெஜமா அம்மாவா?"

"நெஜமாடா."

அப்போது போர்வைக்குப் பின்னால் ஏதோ முனகியது. ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் கத்தியது. என் மனைவி துள்ளி எழுந்தாள். காதில் மாட்டியிருந்த மைக்கின் வயர் பிடுங்கிக்கொண்டு இழுத்ததில், கேமரா திரும்பிக்கொண்டது, போர்வை சரிந்தது. சத்தம் நின்றுவிட்டது. படம் மட்டும் வந்தது.

அது ஹாஸ்டல் இல்லை. ஒரு வீட்டின் அறை. கம்பி வைத்த கட்டிலில் மூக்கில் குழாயோடு ஒரு கிழவர் கிடந்தார். வாசலில் நின்ற ஒரு பெண் ஈரத் துணியைச் சுருட்டி என் மனைவியின் மேல் எறிந்தாள். இவள் குனிந்து பொறுக்கினாள், கை கூப்பினாள். பிறகு அந்த யூனிஃபார்மோடு கிழவரைத் தனியாளாகப் புரட்டிப் போட்டுக் கழுவிவிட்டாள்.

"யாரு அவ? அம்மாவ ஏன் திட்டுது?" என்றாள் பிள்ளை.

நான் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு பா. அம்மா தாத்தாவத் தொடச்சி வுடுது."

என் மனைவி திரும்பி வந்தபோதுதான் கேமரா எங்கே பார்க்கிறது என்று கவனித்தாள். உள்ளங்கையால் அதை மூடினாள்.

மறுநாள் ஃபோனில் எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரி என்று ஒன்று இல்லவே இல்லை. இறங்கிய அன்றே இந்த வீட்டில் விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். ராத்திரி பகல் ஒரே ஆள். கம்ப்யூட்டர் அந்த வீட்டுப் பையனுடையது.

"எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாதுங்க. சர்ச்சுல எப்படி நிப்பாரு?"

"வந்துடு."

"பாஸ்போர்ட் இல்லாம எப்படிங்க வர்றது?"

ஏஜெண்டைப் பார்க்க வேலூர் போனேன். "சம்பளம் வருதில்ல சார், அப்புறம் இன்னா?" என்றான். சட்டையைப் பிடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். அதோடு சரி. அந்த ஞாயிறு சர்ச் வாசலில் மாமனார் யாரிடமோ, என் மகளுக்கு அங்கே நல்ல மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன்.

அடுத்த வெள்ளி மகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். என் பக்கம் டனல் உயிரோடு இருந்தது. அவள் நம்பரிலிருந்து பதில் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. கம்ப்யூட்டரை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஃபோனில் சொன்னாள். எடுத்தார்களா, இவளே வேண்டாம் என்று விட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மகள் வந்து என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா, அந்தத் தாத்தா சாப்ட்டாரா?"

"சாப்ட்டாருடா."

"இன்னா சாப்ட்டாரு?"

"கஞ்சி. மூக்குல குழா இருக்குல்ல, அதுல ஊத்தணும்."

"மூக்குலயா? வலிக்காதா?"

"வேகமா ஊத்துனா வலிக்கும். அம்மா மெதுவாத்தான் ஊத்துவேன்."

கார்டு தீர்ந்து பீப் அடித்தது. மகள் ரிசீவரை வைக்காமல் என் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, தாத்தா மூக்குல கஞ்சி ஊத்துதாம் எங்கம்மா."