வாய்க்காலோர எண்கள்

காரைக்குடியில் கல்லூரி முடித்த கையோடு, நெல் விளைச்சலை மதிப்பிடும் தற்காலிக வேலை கிடைத்தது. மழை பொய்த்த வருஷம். நெற்குப்பைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஆறு வயல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அறுத்து நெல்லை எடை போட வேண்டும். எடை குறைந்தால் ஊருக்கே வரித் தள்ளுபடி. எந்த இடத்தில் அறுப்பது என்பதை ஆள் முடிவு செய்யக் கூடாது, எண் முடிவு செய்ய வேண்டும். அதற்கென்றே அச்சடித்த எண் பட்டியலைக் கொடுத்திருந்தார்கள்.

நான் அதைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. லைப்ரரியில் படித்த வித்தை இருந்ததே! நாலிலக்க எண்ணை அதாலேயே பெருக்கி, வருகிற எட்டிலக்கத்தின் நடு நாலை எடுத்தால் அடுத்த எண். பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டு போனேன். பாதி வழியில் பெருக்கல் திடீரென்று சுலபமாகிவிட்டது. கை தேறிவிட்டது என்று பூரித்தேன். 6100, 2100, 4100, 8100... கடைசியாக வந்த ஆறு எண்களை வயலுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு இலக்கம் தெற்கு வரப்பிலிருந்து எத்தனை காலடி என்பது. கடைசி இரண்டு மேற்கு வரப்பிலிருந்து. அந்த ஊரில் வாய்க்கால் மேற்கு வரப்பை ஒட்டித்தான் ஓடும்.

மூன்றாவது வயல்காரர் கேட்டார்: "என்ன தம்பி, எல்லார் வயல்லயும் வாய்க்காலோரமே அறுக்கிறீக? அங்கனதான் கொஞ்சம் ஈரம். உள்ள வந்து பாருங்க, பூராம் பதரு."

"எண்ணு சொல்ற எடத்துலதாண்ணே அறுக்கணும். என் இஷ்டம் இல்ல."

"எண்ணுக்கும் தண்ணித் தாகம் போலருக்கு!"

அறுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எடை நன்றாகவே வந்தது. தள்ளுபடி இல்லை என்று ஆனது.

சில மாதம் கழித்து, பெருமையடிக்கத்தான் கூட்டாளியிடம் நோட்டைக் காட்டினேன். புரட்டியவன், "என்னடா, வயலுக்கு எடுத்த எண்ணெல்லாம் ரெண்டு சைபர்லயே முடியுது? நாலே நாலு எண்ணு சுத்திச் சுத்தி வருது" என்றான். சைபர் என்றால் மேற்கு வரப்பிலிருந்து ஓரடிகூட உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். ரிப்போர்ட் மேலே போய் முடிந்துவிட்டது என்றார்கள். அப்படியே பஸ் ஏறி அந்த மூன்றாவது வயல்காரர் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. வரி கட்ட மாடுகளை விற்றிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கலைக்கூட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, உள்ள வந்து அறுத்திருந்தா?"

"தள்ளுபடி கெடச்சிருக்கும்ணே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டேன்ல, தம்பி."

"கூப்பிட்டீகண்ணே" என்றேன்.